விளக்கு எரிகிறது, சார்ஜ் ஏன் ஏறவில்லை? காரில் வரும் வயர்லெஸ் சார்ஜரின் கணக்கு

ராமநாதபுரத்தில் கிளம்பும்போது போனில் 42 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கியர் லிவருக்கு முன்னால் இருக்கும் பேடில் போனை வைத்தாகிவிட்டது, விளக்கு எரிகிறது, போனிலும் மின்னல் குறி வந்துவிட்டது. உச்சிப்புளி, மண்டபம் தாண்டி, பாம்பன் பாலம் ஏறி இறங்கி, ராமேஸ்வரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு எடுத்துப் பார்த்தால் 47. வெயில் நாளில் 40. சுமார் 55 கிலோமீட்டர் ஓடிய பிறகும் இவ்வளவுதானா, வண்டியில் கோளாறா போனில் கோளாறா என்று ஷோரூமுக்குப் போன் போடுகிறார்கள்.

பெரும்பாலும் இரண்டிலும் கோளாறு இல்லை. காரோடு வரும் வயர்லெஸ் சார்ஜர் போனை நிரப்புவதற்கான சாமான் இல்லை, ஓடுகிற செலவை ஈடுகட்டி இருக்கிற சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்வதற்கான சாமான். அந்த வேலையையும் அது ஒழுங்காகச் செய்ய விடாமல் தடுப்பது சூடு. இந்த இரண்டும் பிடிபட்டால் மற்ற எல்லாக் குழப்பமும் தானாக விலகிவிடும். அதனால் அடியிலிருந்தே பார்ப்போம்.

கம்பி இல்லாமல் கரண்ட் எப்படிப் போகிறது

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு அடிப்படை. தெருமுனை டிரான்ஸ்பார்மரும் இதே விதியில்தான் ஓடுகிறது. ஒரு காயிலில், அதாவது செம்புக் கம்பிச் சுருளில், மாறி மாறிப் பாயும் கரண்ட் ஓடினால் அதைச் சுற்றி மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் உண்டாகும், பக்கத்தில் இன்னொரு காயில் இருந்தால் அதில் கரண்ட் பிறக்கும். பேடின் ரப்பருக்கு அடியில் ஒரு காயில் இருக்கிறது (கார்களில் பல நேரம் மூன்று வரை இருக்கும், போன் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாலும் ஏதாவது ஒன்றாவது பிடிக்கட்டும் என்று), போனின் முதுகுக்குள் இன்னொன்று. போனில் பிறக்கும் மாறுமின்னோட்டத்தை உள்ளே இருக்கும் சில்லு நேர்மின்னோட்டமாக்கி பேட்டரிக்கு அனுப்புகிறது.

காயில் இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர்தான் இருக்கலாம். நேருக்கு நேர் உட்கார்ந்தால் நன்றாகப் பாயும், ஒரு விரல் அகலம் விலகினால் பாதி வீணாகும், இன்னும் விலகினால் நின்றே போகும்.

எல்லா நிறுவனமும் ஒரே முறையில் செய்ய வேண்டும் என்பதற்காக வந்த தரத்துக்குப் பெயர் க்யூஐ, எழுத்தில் அப்படி, உச்சரிப்பு 'சீ'. 2008-இல் தொடங்கிய வயர்லெஸ் பவர் கன்சார்டியம் என்ற கூட்டமைப்பு இதைப் பார்த்துக்கொள்கிறது. 2012-இல் வந்த நோக்கியா லூமியா 920 இதை ஏற்றுக்கொண்டது, டொயோட்டா 2013 அவலான் காரில் பேடைப் பொருத்தியது, ஆனால் ஊர் உலகத்துக்குப் பரவியது 2017-இல் ஐபோன் 8-இல் ஆப்பிள் இதைச் சேர்த்த பிறகுதான். நம் ஊர்க் கார்களில் சில லட்ச ரூபாய் வித்தியாசமுள்ள மேல் வேரியண்டில் மட்டும் தலைகாட்டிய இது இப்போது கியா சோனெட், மாருதி பிரெஸ்ஸா மாதிரி சின்ன எஸ்யூவிகள் வரை வந்துவிட்டது, அதிலும் மேல் வேரியண்டுகளில்தான்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. பேடும் போனும் பேசிக்கொண்டே இருக்கின்றன. சார்ஜ் ஏறும் நேரம் முழுக்க, "கொஞ்சம் கூட்டு", "கொஞ்சம் குறை", "போதும்" என்று போன்தான் பேடுக்குச் சொல்கிறது. எவ்வளவு வாங்குவது என்ற முடிவு போனுடையது, காருடையது இல்லை. சார்ஜ் மெதுவாக ஏறினால் காரைத் திட்டுவதில் பாதி நியாயம்தான் இருக்கிறது.

வாட் கணக்கு

சார்ஜரின் வேகத்தை வாட்டில் சொல்வார்கள், பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணியில் சொல்வார்கள். 5000 எம்ஏஎச் பேட்டரி என்றால் அதை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 19 வாட்-மணி. இனி படிப்படியாக வாருங்கள்.

1. க்யூஐயின் அடிமட்ட வேகம் 5 வாட். பெட்டியில் 15 வாட் என்று போட்டிருந்தாலும் அது உச்ச அளவு, போனும் அதற்கு ஒத்துப்போக வேண்டும். காந்தம் இல்லாத சாதாரண க்யூஐ பேடில் ஐபோன் 7.5 வாட்டுக்கு மேல் வாங்காது. தன் சொந்தப் பேடில் 50 வாட் இழுக்கிற போன்கூட காரில் வைத்தால் பொதுத் தரத்துக்கு இறங்கி 5, 10 என்றுதான் வாங்கும்.

2. வண்டி ஓடும்போது போன் சும்மா இருப்பதில்லை. மேப் திறந்திருக்கிறது, ஜிபிஎஸ் ஓடுகிறது, வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ இணைத்திருந்தால் படத்தையும் பாட்டையும் வைஃபை வழியாகக் காரின் திரைக்கு நொடிக்கு நொடி அனுப்பிக்கொண்டிருக்கிறது. தோராயமாக 3 வாட் இதற்கே போய்விடும், சிக்னல் மெலிந்த இடத்தில் இன்னும் கூடும்.

3. 5 வாட் வந்து 3 வாட் போனால் மிச்சம் 2. ஒரு மணி நேரத்தில் 2 வாட்-மணி. 19-இல் 2 என்றால் பத்து சதவீதம், அதுவும் எல்லாம் சரியாக இருந்தால்.

குழாயில் நூல் மாதிரி தண்ணீர் விழும்போது இன்னொருவர் அதே குடத்தில் செம்பை விட்டு மொண்டுகொண்டே இருந்தால் குடம் எப்போது நிறையும்? ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தனுஷ்கோடி பக்கம் போனால் இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரைக்கும் இருபுறமும் கடல். டவர் தூரமானால் போன் தன் அலைபரப்பும் சக்தியைக் கூட்டி அதைத் துரத்தும், சிலருக்கு இலங்கை நெட்வொர்க்கின் வரவேற்புச் செய்திகூட வந்து விழும். அந்தத் துரத்தல்தான் பேட்டரியைக் குடிக்கிறது. அங்கே நேர் சாலை ஒன்றுதான், மேப்பை மூடிவிட்டு மொபைல் டேட்டாவை நிறுத்தினாலே பேட் ஒரு மணி நேரத்தில் செய்யும் வேலையில் பாதி முடிந்தது. ரோமிங்கையும் அணைத்துவிடுங்கள், அது பேட்டரிக்காக இல்லை, பில்லுக்காக.

சூடு: உண்மையான வில்லன்

வயர்லெஸ் முறையில் அனுப்பிய சக்தி முழுவதும் போய்ச் சேராது. நன்றாகப் பொருந்தினாலும் நாலில் ஒரு பங்கு வீணாகும், தள்ளி உட்கார்ந்தால் இன்னும் அதிகம். வீணாவது எல்லாம் சூடாகத்தான் மாறும், அதில் ஒரு பகுதி பேடில், ஒரு பகுதி போனின் முதுகில். மேப்பும் வைஃபையும் ஓடுகிற 3 வாட்டும் கடைசியில் சூடுதான். ஒரு போன் தன் சூட்டை வெளியே விடுவது பெரும்பாலும் முதுகு வழியாக, அந்த முதுகை ரப்பர் பேடில் கவிழ்த்து, மேலே ஒரு தடித்த கவரும் போட்டிருக்கிறோம்.

போனுக்குள் இருக்கும் வெப்ப உணரி ஒரு அளவுக்கு மேல் போனதும் பேடிடம் "குறை" என்று சொல்லும், அப்புறம் "நிறுத்து" என்று சொல்லும். ஐபோனைப் பயன்படுத்த உகந்த சுற்றுப்புற வெப்பம் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்று ஆப்பிளே சொல்கிறது, பேட்டரி ரொம்பச் சூடானால் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல் நிறுத்தி வைக்கும். ஆண்ட்ராய்டு போன்களிலும் இதே காவல் உண்டு, அறிவிப்பின் வாசகம்தான் மாறும். வேகம் 5 வாட்டிலிருந்து 2 வாட்டுக்கு இறங்கிவிட்டது, செலவு 3 வாட்டாகவே இருக்கிறது என்றால் விளக்கு எரிந்துகொண்டே சார்ஜ் இறங்கும். 42 எப்படி 40 ஆனது என்பதற்கு விடை இவ்வளவுதான்.

இந்தக் கடற்கரைக்கு என்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகும் பாதை கிழக்குப் பார்த்தது. காலையில் கிளம்பினால் சூரியன் முன் கண்ணாடி வழியாக நேராக உள்ளே வருகிறது, தாழ்ந்து வருவதால் டேஷ்போர்டைத் தாண்டி கியர் பெட்டிப் பக்கம் வரைக்கும் எட்டும். தரிசனம் முடித்துச் சாயங்காலம் திரும்பினால் மேற்குப் பார்த்த பயணம், மறுபடி அதே முகத்தில் வெயில். ஒரே நாளில் போய்வருகிற எவருக்கும் பேடின் மேல் இரண்டு தடவை வெயில் விழும். உச்சிப்புளி வரைக்குமாவது இடையிடையே பனைமரமும் கருவேலமும் நிழல் தரும், மண்டபத்துக்குப் பிறகு அதுவும் அருகிவிடும்.

கடற்காற்று இருப்பதால் பாம்பனில் வெப்பமானி மதுரை அளவுக்கு ஏறாது என்பது உண்மைதான். ஆனால் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் கடற்காற்று வராது. வெளியே 34 டிகிரி இருக்கும்போது வெயிலில் நிறுத்திய கார் ஒரு மணி நேரத்தில் உள்ளே 50-ஐத் தாண்டிவிடும், டேஷ்போர்டின் மேல்பரப்பு அதைவிடக் கொதிக்கும். போய் உட்கார்ந்ததும் ஏசியைப் போட்டு, கையோடு போனையும் பேடில் வைத்தால், அடுப்பு மாதிரி இருக்கும் ரப்பரின் மேல்தான் வைக்கிறோம். ஏசி காற்று முகத்துக்கு வந்துவிடும், பேட் குளிர இன்னும் நேரமாகும்.

சில கார்களில் பேடுக்கு அடியில் சின்ன விசிறி வைத்திருக்கிறார்கள். கியா சோனெட் 2020-இல் வந்தபோதே குளிரூட்டும் வசதியுள்ள வயர்லெஸ் சார்ஜர் என்று சொல்லித்தான் விற்றார்கள். அது வெறும் விளம்பரம் இல்லை, நிஜமாகவே உதவும். 15 வாட்டா 10 வாட்டா என்று கேட்பதைவிட விசிறி இருக்கிறதா என்று கேட்பது நம் ஊருக்குப் பொருத்தமான கேள்வி.

நீண்ட நாள் விளைவும் உண்டு. லித்தியம்-அயான் பேட்டரி சூட்டில் சீக்கிரம் கிழடு தட்டும், அதுவும் நூறு சதவீதம் நிரம்பிய நிலையில் சூடானால் இன்னும் வேகமாக. தினமும் வெயிலில் ஓட்டுகிறவர்கள், குறிப்பாக வாடகை வண்டி ஓட்டுகிறவர்கள், போன் அமைப்புகளில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் (ஐபோன் 15-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் உண்டு, சாம்சங்கில் பேட்டரி பாதுகாப்பு என்ற பெயரில் உண்டு) போட்டுக்கொள்வது நல்லது.

கோயிலும் போனும்

2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்னதிலிருந்து ராமநாதசுவாமி கோயிலுக்கு வருகிறவர்களில் பலர் போனை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். அக்னி தீர்த்தத்தில் முழுகி, 22 தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்து வர அரை நாள் ஆகிவிடும். "அப்படியே பேடில் கிடக்கட்டும், ஏறட்டும்" என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. ஏறாது. பெரும்பாலான கார்களில் என்ஜினை அணைத்ததும் பேடும் அணைந்துவிடும். போன் மட்டும் கண்ணாடிக்கு அடியில் வெந்துகொண்டிருக்கும். அணைத்து வைத்த போனுக்கும் 45 டிகிரிதான் எல்லை என்கிறது ஆப்பிள், வெயிலில் நிற்கும் கார் அதை எளிதாகத் தாண்டும். போனை வாங்கி வைத்துக்கொள்ளும் கவுன்டரில் கொடுங்கள், இல்லையென்றால் அணைத்து, ஒரு துண்டில் சுற்றி, சீட்டுக்கு அடியில் நிழலாக வையுங்கள். டேஷ்போர்டும் பேடும் வேண்டாம்.

இதற்கு நேர் எதிராக, கம்பியைவிட பேடே மேலாகிற சந்தர்ப்பமும் இதே ஊரில்தான் இருக்கிறது. கடலில் இறங்கும்போது சட்டைப் பையில் இருந்த போனின் சார்ஜ் துளைக்குள் உப்புத் தண்ணீர் போய்விட்டால் திரையில் ஈர எச்சரிக்கை வரும். அந்த நேரத்தில் கேபிளைச் செருகினால் உப்பும் கரண்டும் சேர்ந்து உள்ளே இருக்கும் பின்களை அரித்துவிடும். துளை காயும் வரை, போனின் முதுகை நன்றாகத் துடைத்துவிட்டு பேடில் வைக்கலாம். மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களின் போன்களில் முதலில் பழுதாவது இந்தத் துளையாகத்தான் இருக்கும், அவர்களுக்கு வயர்லெஸ் வசதியுள்ள போன் ஆடம்பரம் இல்லை.

நடுவில் என்ன இருக்கிறது

ஒரு காரின் பேடைக் கிட்டத்தில் பாருங்கள். டோல் ரசீது, இரண்டு பத்து ரூபாய் நாணயம், மடித்த குங்குமப் பொட்டலம், வீட்டுச் சாவி, ஓரத்தில் கடற்கரை மணல். அதன் மேல்தான் போன். போனின் கவரைக் கழற்றினால் உள்ளே ஒரு ஏடிஎம் கார்டு, மடித்த நூறு ரூபாய், சாமி படம், முதுகில் ஒரு வேல் ஸ்டிக்கர், அது சில நேரம் உலோகத் தகடு.

1. நாணயமும் சாவியும்: மாறும் காந்தப் புலத்தில் உலோகம் அகப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகிச் சூடேறும். இதைத் தடுக்க பேட் தான் அனுப்பியதையும் போன் வாங்கியதாகச் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. இடையில் வித்தியாசம் அதிகமானால் "அன்னியப் பொருள்" என்று முடிவுகட்டி நிறுத்திவிடும். விளக்கு நிறம் மாறி மினுக்கினால் முதலில் அடியில் என்ன கிடக்கிறது என்று பாருங்கள்.

2. உலோகத் தகடு: காந்த ஸ்டாண்டில் மாட்டுவதற்காகப் போனின் முதுகில் ஒட்டும் வட்டத் தகடு, விரல் மாட்டும் உலோக வளையம் இரண்டும் பேடுக்கு ஆகாது. ஐபோனின் மேக்சேப் மாதிரி போனோடு சேர்ந்தே வரும் காந்த வளையம் வேறு, அது காயிலைச் சுற்றித்தான் இருக்கும், குறுக்கே வராது.

3. கார்டு: காந்தப் பட்டை உள்ள கார்டுகளும், சில்லு உள்ள பாஸ்போர்ட், சாவி வில்லைகளும் போனுக்கும் பேடுக்கும் நடுவில் கிடந்தால் கெட்டுப்போகலாம். கோயில் உண்டியலுக்கு மடித்து வைத்த ரூபாய் நோட்டுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கொஞ்சம் இடைவெளியைக் கூட்டும்.

4. கவர்: மெல்லிய சிலிக்கான் கவர் பரவாயில்லை. பர்ஸ் மாதிரி மடக்கும் கவரும், கீழே விழுந்தாலும் உடையாத தடிக் கவரும் காயில்களை விலக்கிவிடும்.

5. மணல்: சிலிக்கா மணல் சார்ஜைத் தடுக்காது, போனைக் கீறும். ஆனால் கடற்கரை மணலில் கலந்திருக்கும் கறுப்பு இரும்புத் துகள் காந்த வளையமுள்ள போனின் முதுகில் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். அரிச்சல்முனையில் போனை மணலில் வைத்தவர்கள் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

குலுக்கலையும் இதோடு சேர்க்க வேண்டும். வேகத்தடையிலும் வளைவிலும் போன் வழுக்கி நகர்கிறது, சார்ஜ் துண்டிக்கிறது, திரும்ப வருகிறது, ஒவ்வொரு தடவையும் ஒரு "டிங்". பாம்பன் பாலத்தில் ரயில் பாலத்தைப் பார்க்க எல்லோரும் வேகத்தைக் குறைத்துக் கூட்டும்போது இது நன்றாகத் தெரியும். 2023-இல் அறிவித்த க்யூஐ 2 தரம் இதற்குத்தான் மருந்து. ஆப்பிளின் மேக்சேப் முறையை அடிப்படையாக வைத்து காந்த வளையம் சேர்த்திருக்கிறார்கள், போன் தானாகவே சரியான இடத்தில் வந்து ஒட்டும், 15 வாட் வாங்கும். 2025-இல் 25 வாட் வரை உயர்த்தினார்கள். ஆனால் நம் சாலைகளில் இப்போது ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றில் இருப்பது காந்தம் இல்லாத பழைய பேட்தான்.

வேறு சில வினோதங்கள்

கதவைத் திறந்தால் சார்ஜ் ஒரு நொடி நிற்கிறதா? அது கோளாறு இல்லை. பட்டன் ஸ்டார்ட் வண்டிகள் சாவி உள்ளே இருக்கிறதா என்று தேட 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் அலை அனுப்பும், பேடும் 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வரைக்குள்தான் இயங்குகிறது. இரண்டும் மோதாமல் இருக்க, சாவியைத் தேடும் நேரத்தில் பேடை நிறுத்தி வைப்பார்கள். இதே காரணத்தால்தான் ஸ்மார்ட் சாவியைப் பேடின் மேலோ ஒட்டியோ வைக்கக்கூடாது, "சாவி இல்லை" என்று வண்டி அடம்பிடிக்கும்.

மீடியம் வேவ் ரேடியோவில் இரைச்சல் வந்தாலும் பேடைச் சந்தேகப்படலாம், அதன் மடங்கு அதிர்வெண்கள் அந்த அலைவரிசையில் வந்து விழும். கொடைக்கானல் பண்பலை கேட்பவர்களுக்கு இந்தக் கவலை கிடையாது. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டாக்குக்கும் பேடுக்கும் சம்பந்தமே இல்லை, அது வேறு அதிர்வெண்.

2023 நவம்பரில் ஆப்பிள் வெளியிட்ட ஐஓஎஸ் 17.1.1 அப்டேட்டின் குறிப்பில் ஒரு வரி இருந்தது: சில கார்களில் வயர்லெஸ் சார்ஜ் செய்த பிறகு ஐபோன் 15-இல் ஆப்பிள் பேயும் என்எஃப்சியும் (போனைக் கருவியின் அருகே காட்டிப் பணம் கட்டுவது போன்ற வசதிகள்) அரிதாக வேலை செய்யாமல் போகலாம், அதைச் சரிசெய்திருக்கிறோம் என்று. மென்பொருளிலேயே தீர்ந்த விஷயம். "பேடில் வைத்தால் போன் செத்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதைகளில் சிலவற்றுக்கு இதுதான் மூலம்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் விஷயம் மட்டும் விளையாட்டு இல்லை. ஐபோனையும் மேக்சேப் சாதனத்தையும் உடலில் பொருத்திய கருவியிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி வைக்க வேண்டும், வயர்லெஸ் சார்ஜ் ஏறும்போது 30 சென்டிமீட்டருக்கு மேல் என்பது ஆப்பிளின் அறிவுரை. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தால் கியர் பெட்டி அதைவிடத் தூரம்தான், குனிந்து போனைத் தேடும்போதுதான் நெஞ்சு பேடுக்கு அருகே போகிறது. பக்கத்தில் இருப்பவரை எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

உங்கள் போனில் காயில் இருக்கிறதா?

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்று தோன்றும், ஆனால் காரணம் தெரிந்த பிறகு சொன்னால்தான் புரியும். போனின் முதுகில் காயில் இல்லையென்றால் உலகத்திலேயே நல்ல பேடும் வெறும் ரப்பர் தட்டுதான். நம் ஊரில் அதிகம் விற்கும் 15,000, 20,000 ரூபாய் ஆண்ட்ராய்டு போன்களில் பெரும்பாலும் காயில் கிடையாது. சாம்சங்கில் எஸ் வரிசையில் உண்டு, எம் வரிசையில் இல்லை. ஐபோனில் 8-இலிருந்து உண்டு. போனின் விவரக் குறிப்பில் "வயர்லெஸ் சார்ஜிங்" என்று இருக்க வேண்டும், "ஃபாஸ்ட் சார்ஜிங்" என்று மட்டும் இருந்தால் அது கம்பிக்கான கணக்கு.

இந்த ஒரு வசதிக்காக மேல் வேரியண்டுக்குப் போவது வீண் செலவு என்பது என் கருத்து. அதே பணத்தில் கூடுதல் ஏர்பேகோ பின் கேமராவோ வருகிறதா என்று பாருங்கள். வெளியே கடையில் பேட் வாங்கிப் பொருத்துவதாக இருந்தால் வயரை வெட்டி ஒட்டுகிற வேலைக்குச் சம்மதிக்காதீர்கள், ஃப்யூஸ் வைத்து இணைக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் வாரண்டி பேச்சு வரும்போது சிக்கல்.

அப்படியானால் எப்போது எது

1. பக்கத்துத் தூரம், மேப் இல்லை, போன் 50-க்கு மேல்: பேட் போதும். கீழக்கரையிலிருந்து ஏர்வாடி வரை, ராமநாதபுரத்திலிருந்து தேவிபட்டினம் வரை போகிறவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது, வைத்தோம் எடுத்தோம்.

2. மேப் ஓடுகிறது, வெயில் உள்ளே விழுகிறது: கம்பி. ஆனால் எந்தத் துளையில் என்பது முக்கியம். பழைய அகல யூஎஸ்பி துளை பல கார்களில் 2.5 வாட்டோ 5 வாட்டோதான் தரும், அது பேடைவிட ஒன்றும் மேல் இல்லை. டைப்-சி துளை இருந்தால் அதில், இல்லையென்றால் 12 வோல்ட் சாக்கெட்டில் நல்ல ஃபாஸ்ட் சார்ஜரைச் செருகுங்கள்.

3. போன் 15 சதவீதத்தில் கிடக்கிறது, இறங்குவதற்குள் ஏற வேண்டும்: கம்பி, வேறு பேச்சே இல்லை.

4. கம்பி இல்லை, பேட்தான் இருக்கிறது: கவரைக் கழற்றுங்கள், வயர்லெஸ் ஆண்ட்ராய்டு ஆட்டோவைத் துண்டித்து புளூடூத்தில் பாட்டு மட்டும் கேளுங்கள், வண்டி குளிர்ந்த பிறகு வையுங்கள்.

5. மேப் பார்த்தே ஆக வேண்டும்: பேட் கீழே இருக்கிறது, பார்வையும் கீழே போகும், எதிரே வருவது தெரியாது. 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம் ஓட்டும்போது கையடக்கக் கருவியை வழி பார்ப்பதற்கு மட்டும், அதுவும் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது. குனிந்து பேடைப் பார்ப்பது அந்த வகையில் சேராது. ஏசி துவாரத்தில் மாட்டும் ஸ்டாண்ட் கண்ணுக்கும் நேராக இருக்கும், குளிர்ந்த காற்றும் போனின் முதுகில் படும். க்யூஐ 2 போன் வைத்திருப்பவர்கள் அதே இடத்தில் காந்த சார்ஜர் ஸ்டாண்ட் மாட்டினால், காரோடு வந்த பேடைவிட அது நன்றாக வேலை செய்யும்.

காரின் பேட்டரி இறங்கிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். பேட் இழுப்பது 10, 15 வாட், ஓடுகிற என்ஜினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

சர்வீஸுக்குப் போவதற்கு முன்

உண்மையிலேயே பேட் கெட்டுப்போவதும் நடக்கும், அதைக் கண்டுபிடிக்க ஒரு ஒழுங்கு இருக்கிறது. காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது, நிழலில், பேடைக் காலி செய்து துடைத்துவிட்டு, கவர் கழற்றிய போனைத் திரையை அணைத்து வையுங்கள். அரை மணி நேரத்தில் சில சதவீதம் ஏறினால் பேட் நன்றாகத்தான் இருக்கிறது, வெயிலில் ஏறாததற்குக் காரணம் சூடு. ஏறவில்லையென்றால் காயில் உள்ள இன்னொரு போனை வைத்துப் பாருங்கள். அதுவும் ஏறவில்லையென்றால் காரின் திரை அமைப்புகளில் வயர்லெஸ் சார்ஜிங் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள், சில வண்டிகளில் அதற்குத் தனி சுவிட்ச் உண்டு, யாராவது தெரியாமல் தொட்டிருப்பார்கள். மூன்றும் தோற்றால் மட்டும் ஃப்யூஸையும் பேடையும் பார்க்கச் சொல்லி வண்டியை விடலாம், போகும்போது இரண்டு போனையும் கையோடு கொண்டுபோங்கள். இல்லையென்றால் "உங்க போன்லதான் பிரச்சினை சார்" என்று ஒரே வரியில் முடித்து அனுப்பிவிடுவார்கள்.